தோட்டத்து இலாபம் – ஓர் அறவிசாரணை

மருதானைப் புகையிரத நிலையத்தைவிட்டு வெளியேறி மாலை வேளையிலே தெருவோரமாக நடந்து செல்பவர், சாக்கை விரித்து அதன்மேல் காய்கறிகளைக் கூறுகட்டி வைத்து விற்போரைக் காண்பர். கந்தோர்களிலும் கடைகளிலும் வேலைத்தலங்களிலும் அன்றைய வேலையை முடித்து வீடு திரும்புவோரே அங்கு வாங்குவோராவர். ஒரு கிலோவாக வாங்குபவர் அரியர். கால் கிலோ வெங்காயம், நூறு கிராம் பச்சைமிளகாய், பாதிக் கோவா என்றே பலரும் வாங்குகின்றனர். விலையைக் கேட்டதும் சற்றுத் தயங்கிக் கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்க்கும் பெண்ணொருத்தி, "கமக்காரருக்கு இப்ப நல்ல இலாபம்தான்" என்று சொல்லிக்கொண்டே பணத்தை நீட்டுவாள். அவ்வெங்காயம் விளைந்த யாழ்ப்பாணத்துச் செம்மண் தறையிலே நின்று கேட்டாலோ வேறொரு வசனம் நம் செவியில் விழும்: "தோட்டஞ் செய்து ஆர் முன்னுக்கு வந்தது?"

இவ்விரு வசனங்களும் ஒரே பொருளைப் பற்றியன. இரண்டையும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. கிணற்று நீரை இறைத்துச் சிறு நிலத்திலே காய்கறி பயிரிடுதல் இலாபந் தருமா என்ற கேள்வியைப் பொருளியலறிஞர் வரவு செலவுக் கேள்வியாகவே காண்கின்றனர். வரவையும் செலவையும் எழுதிக் கழித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆயின், எதை வரவென்று எழுதுவது, எதைச் செலவென்று எழுதாது விடுவது என்னுந் தீர்மானம் எண்கணிதத்துக்கு முற்பட்டது. அது அறஞ்சார்ந்த தீர்மானம். அதனையே இக்கட்டுரை ஆராய முனைகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டை இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணமுண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் அங்கில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்காற்று மழையே அந்நிலத்தின் பிரதான நீர்வளம். அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. உரும்பிராய், கோப்பாய், இணுவில், சுன்னாகம், புத்தூர் முதலிய ஊர்களின் கமக்காரர் தலைமுறை தலைமுறையாக இறைத்து வந்தது இந்நீரையே. ஏக்கர்க் கணக்கிலே பேசும் வழக்கம் அவரிடமில்லை. பரப்புக் கணக்கே அவர் கணக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். நாலைந்து பரப்புத் தறையும் ஒரு கிணற்றிலே பங்கும் உடையவன் தோட்டக்காரன். எந்தப் பங்காளி எந்த நாளில் இறைப்பது என்ற முறை ஒழுங்கு, காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் குறிக்கப்படும் அளவுக்கு உறுதியானது. நீர் தனியுடைமைப் பொருளன்று, பங்கிடப்பட வேண்டியது என்ற உணர்வு அவ்வொழுங்கிலே பொதிந்திருந்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

முதலாவதாக உழைப்பை நோக்குவோம். சின்ன வெங்காயம் ஏறக்குறைய எழுபது நாட் பயிர். நான்கு நாளுக்கு ஒருமுறை இறைத்தாலும் பதினேழு பதினெட்டு இறைப்பு வேண்டும். விடியுமுன் எழுந்து இயந்திரத்தை இயக்கி, பாத்தி பாத்தியாக நீர் மாறி, களை பிடுங்கி, மருந்து தெளித்து, கிண்டி எடுத்து, உலர்த்திப் பிடிபிடியாகக் கட்டித் தூக்கும் வரை ஒரு குடும்பம் முழுவதும் அப்பயிரோடு கட்டுண்டு கிடக்கிறது. கமக்காரன் விற்றுவரவு நூறு ரூபா என்றும், விதைவெங்காயம், பசளை, மருந்து, மண்ணெண்ணெய், கூலியாட்கள், ஏற்றுகூலி ஆகியவற்றுக்கு அறுபது ரூபா சென்றது என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய நாற்பது ரூபாவை இலாபம் என்று அவனும் சொல்கிறான், நாமும் சொல்கிறோம். அவனுடைய எழுபது நாளுக்கும், அவன் மனைவி களை பிடுங்கிய பகல்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வெங்காயம் பிடிகட்டிய மாலைகளுக்கும், அயலான் தோட்டத்திலே வேலை செய்தால் கிடைக்கக்கூடிய கூலியை அந்த நாற்பதிலிருந்து கழித்துப் பார்க்கும்போது எஞ்சுவது என்ன? பல போகங்களிலே ஒன்றும் எஞ்சாது. சில போகங்களிலே அந்த நாற்பதும் போதாது. அவன் இலாபமென்று கருதியது தன் குடும்பத்தின் கொடுபடாக் கூலியே.

இவ்வுண்மை உலக விவசாய ஆய்விலே புதிதன்று. 1899ஆம் ஆண்டிலே கார்ல் கவுட்ஸ்கி விவசாயப் பிரச்சினை பற்றி எழுதிய நூலில், சிறு விவசாயி பெரும் பண்ணையோடு போட்டியிட்டு நிலைத்து நிற்பதற்கு அவனுடைய மிகையான உழைப்பும் குறைவான உணவுமே காரணமென விளக்கினார். பின்னர் ருசிய விவசாய அறிஞரான சாயானவ், குடும்பக் கமத்திலே கூலி என்றும் இலாபம் என்றும் பிரித்தெடுக்க இயலாதென்றும், குடும்பம் தன்னைத்தானே சுரண்டிக்கொள்கிறதென்றும் காட்டினார். கவுட்ஸ்கி சிறு கமத்தின் அழிவை எதிர்பார்த்தவர். சாயானவ் அதன் நிலைபேற்றை எடுத்துக்காட்டியவர். சாயானவ் ஸ்டாலின் கால அடக்குமுறையிலே 1937ஆம் ஆண்டு கொல்லப்பட்டார் என்பது முற்போக்காளர் மறைக்கக் கூடாத வரலாறு. இவ்விருவரும் ஒருமித்துக் காணும் இடம் ஒன்றுண்டு: சிறு தோட்டத்தின் வெற்றி பெரும்பாலும் ஊதியமில்லா உழைப்பின் வெற்றியே. அதிலும் பெண்ணின் உழைப்பு கணக்கிலே ஏறுவதேயில்லை. "நான் தோட்டஞ் செய்கிறேன்" என்று ஆண் சொல்கிறான். "நானும் போறனான்" என்று மட்டுமே அவள் சொல்கிறாள்.

அடுத்ததாகப் பிறருடைய உழைப்பை நோக்கல் வேண்டும். இயந்திரம் வருமுன்னர், துலாவிலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவரும், பட்டை பிடித்து நீரை ஊற்றுபவரும், பாத்தியிலே நீர் மாறுபவருமாக மூவர் நால்வர் சேர்ந்தே இறைப்பை நடத்தினர். இவ்வேலைகளுட் பலவற்றைச் செய்தவர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட, நிலமற்ற மக்கள். தோட்டத்துக்கு நீர் இறைத்த கை, ஊர்க் கிணற்றிலே தன் குடிநீரை அள்ளிக்கொள்ளத் தடைசெய்யப்பட்டிருந்த கொடுமையை நாம் அறிவோம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களிலே காட்டப்பட்ட பாகுபாட்டைக் குற்றமாக்கியது. பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நெல்வயற் குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. ஆயினும் அதன் பெயரே அதன் எல்லை. வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டத் தறையைக் குத்தகைக்கெடுத்துச் செய்தவனை அச்சட்டம் எட்டவில்லை. எனவே, கிணறும் நிலமும் உடையவனின் வரவிலே, அவையிரண்டும் இல்லாதவனின் இழப்பு சேர்ந்தேயிருந்தது.

இவ்விடத்திலே நம் மொழி வழக்கொன்று சிந்தனைக்குரியது. யாழ்ப்பாணத்தவன் தோட்டம் என்னும்போது வெங்காயப் பாத்தியை நினைக்கிறான். மலையகத்தவன் தோட்டம் என்னும்போது தேயிலை மலையையும் லயக் காம்பிராவையும் நினைக்கிறான். இவ்விரு தோட்டங்களும் ஒன்றையொன்று அறியாதன என்றே நம்மிற் பலர் எண்ணி வந்திருக்கின்றனர். 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரையான காலம் அவ்வெண்ணத்தைத் தகர்க்கிறது.

அக்காலத்திலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. வடபகுதித் தோட்டங்களுக்கு அது பொற்காலமாயிற்று. கல்வீடுகள் எழுந்தன; இயந்திரங்கள் பெருகின; உத்தியோகந் தேடியலைந்த வாலிபர் மண்வெட்டியை எடுத்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபருக்கென வகுக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில் ஏற்று நீர்ப்பாசனத்தின் துணையோடு மிளகாய் செழித்தது. அதே ஆண்டுகளிலேதான், உலக உணவு விலையேற்றத்தோடு அரிசியும் மாவும் அருகியபோது, மலையகத் தோட்டங்களைப் பஞ்சம் பற்றிக்கொண்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்து நின்றது. நிலத்திலே பயிரிட்டு உண்ணும் உரிமையற்று, நாட்கூலியையே நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

பசியாலும், நிலச் சீர்திருத்தத்தின் பின் நிகழ்ந்த வெளியேற்றத்தாலும், 1977ஆம் ஆண்டின் வன்செயலாலும் மலையிலிருந்து இறங்கியவர்களுட் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தனர். வந்தவர் வன்னிக் கமங்களிலே மிளகாய்க்குக் களை பிடுங்கினர், பழம் ஆய்ந்தனர், நாட்கூலி பெற்றனர். ஒரு தோட்டத்தின் பசி மற்றத் தோட்டத்துக்கு மலிவான கூலியாயிற்று. தமிழரின் பொருளாதார மறுமலர்ச்சி என்று நாம் பெருமையோடு நினைவுகூரும் காலத்தின் கணக்கேட்டிலே இப்பக்கம் எழுதப்படாதே கிடக்கிறது. மிளகாய் விற்ற பணத்திலே கட்டிய வீட்டைச் சுட்டிக்காட்டுகிறோம். அம்மிளகாயை ஆய்ந்தவளின் குடிலை மறந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின், கமக்காரன் நல்ல விலை பெறுவதே பாவமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. கேள்வியை அவ்வாறு அமைப்பதே நம்மைத் தவறான வழியிலே செலுத்திவிடும். கமக்காரனுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சதமும் மருதானைப் பெண்ணின் கைப்பையிலிருந்து திருடப்பட்டது என்று எண்ணினால், ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தும் வேலையை நாமே செய்து முடித்தவராவோம். 1977ஆம் ஆண்டின் இறுதியிலே ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவுகளைத் திறந்தபோது தோட்டக்காரர் பலர் கடனாளிகளாயினர். அதனால் நகரத்து ஏழையின் வயிறு நிறைந்ததா? அரசாங்கம் அவனுடைய அரிசிப் பங்கீட்டையும் மானியங்களையும் அடுத்த சில ஆண்டுகளிலே குறைத்து, உணவு முத்திரையைக் கையிலே கொடுத்தது. கமக்காரன் வீழ்ந்தான், உண்பவன் எழவில்லை. இருவருக்குமிடையே நின்றவர்கள் மட்டும் இரு காலத்திலும் நட்டப்படவில்லை.

அந்த இடைவெளியைத்தான் ஆராய்தல் வேண்டும். காலையிலே சந்தைக்குக் கொண்டுசெல்லும் காய்கறியிலே பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து வடபகுதிக் கமக்காரர் பலகாலமாகக் குரலெழுப்பி வருகின்றனர். விலையை நிர்ணயிப்பவன் வாங்குபவனே. மாலைக்குள் வாடிவிடும் பொருளை வைத்துக்கொண்டு பேரம்பேசும் வலிமை விற்பவனுக்கில்லை. பின்னர் அது லொறியேறித் தம்புள்ளைக்கோ, புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் பெயர்ந்துவிட்ட மனிங் சந்தைக்கோ செல்கிறது. சாக்குகளிலே திணித்து ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஏற்றுவதால் நசுங்கியும் அழுகியும் போவது விளைந்ததில் மூன்றிலொரு பங்களவுக்கு வரும் என்று மதிப்பிடப்படுகிறது. அழுகிய பங்கின் விலையையும் மருதானையிலே வாங்குபவளே செலுத்துகிறாள். அதற்கான நட்டத்தைத் தறையிலே நிற்பவனும் குறைந்த விலையாகச் சுமக்கிறான். எவர் வாயிலும் சேராத காய்கறிக்கு இரண்டு ஏழைகள் இரண்டு முறை பணங் கட்டுகின்றனர்.

மூன்றாவது கணக்கு மண்ணுக்கும் நீருக்கும் உரியது. துலாவினால் இறைத்த காலத்திலே மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் அக்களைப்பை நீக்கியது, நல்லதே செய்தது. அதனோடு அக்காவலும் நீங்கியது. ஊறும் அளவுக்கு மேல் இறைக்க, அடியிலுள்ள உவர்நீர் மேலேறுகிறது. குழையும் எருவும் ஆட்டுப்பட்டியும் தந்த உரத்தின் இடத்தை யூரியா பிடித்துக்கொண்டபின், பயிர் உண்டு எஞ்சியது மெல்லிய செம்மண்ணையும் வெடித்த சுண்ணாம்புப் பாறையையும் கடந்து நேரே நன்னீரிலே கலக்கிறது. குடிநீரிலே நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றிலே அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கிறது. மேலே கிணறுகள் ஆயிரமாயினும் கீழேயுள்ள நீர் தொடர்புற்றது. ஒருவன் தன் பாத்தியிலே மிகையாகக் கொட்டிய உரம் அயலவனின் குழந்தை குடிக்கும் நீரிலே கலக்கிறது. இச்செலவை எந்தத் தோட்டக்காரனின் கணக்கேட்டிலும் காண இயலாது. பேரப்பிள்ளைகளின் கிணற்றை விற்றுப் பெற்ற பணம் வரவு ஆகாது. அது கடன்.

இதற்குப் பரிகாரமாக 2021ஆம் ஆண்டு மேயிலே ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்தது. மாற்று உரத்தை ஆயத்தஞ் செய்யாமலும், கமக்காரனைக் கலந்து பேசாமலும், இழப்பைத் தாங்க வழி வகுக்காமலும் செய்யப்பட்ட அத்தடை அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிடப்பட்டது. மண்ணைக் காத்தல் அறமே. ஆயினும் அவ்வறத்தின் முழுச் செலவையும் வலிமை குறைந்தவன் தலையிலே சுமத்துவது அறமாகாது. மறுவருடம் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. இயந்திரத்தை நம்பிய இறைப்புக்காரன் திகைத்து நின்றான். அடுத்த மாதமாகிய 2022 செப்டெம்பரிலே கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மருதானையிலே நூறு கிராம் வாங்கும் வழக்கம் பெருகியது அவ்வாண்டிலேதான். உச்ச விலைக்கு விற்ற அந்த ஆண்டிலும் இறைப்புச் செலவு வரவைத் துரத்திக்கொண்டே வந்தது.

இன்று சூரிய ஒளியால் இயங்கும் இறைப்பு இயந்திரமே விடிவு என்கின்றனர். எரிபொருட் செலவு நீங்கும் என்பது மெய். ஆனால், செலவேயில்லாமல் நீர் வருமாயின் இறைப்பை நிறுத்துவதற்கு ஒருவனுக்குக் காரணம் யாது? முன்னர் உடற்களைப்பும் பின்னர் மண்ணெண்ணெய் விலையும் இட்ட எல்லையை இனிக் கமக்காரர் தாமே கூடி இட வேண்டும். பங்குக் கிணற்றின் முறை ஒழுங்கு நமக்குப் புதிதன்று. ஒரு கிணற்றுக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுங்கை ஊர் முழுவதன் நிலத்தடி நீருக்கும் விரித்தலே வேண்டப்படுவது. தூவல் முறையும் சொட்டு நீர்ப்பாசனமும் அவ்வொழுங்கினுள்ளே வந்தால்தான் நீரைச் சேமிக்கும். இல்லையேல், மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் இரண்டு பரப்பு கூடச் செய்யவே ஆசை எழும்.

இன்னுமொன்று சொல்லல் வேண்டும். அது கொழும்பிலிருந்து இதனைப் படிக்கும் நம்மையே சுடும். வெங்காயமும் புகையிலையும் விற்ற காசிலே படித்து, புகையிரதமேறி மருதானைக்கும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து உத்தியோகம் பார்த்தவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே நம்மிற் பலர். தோட்டம் தந்த இலாபமெல்லாம், பிள்ளை தோட்டத்துக்குள் இறங்காதிருக்கவே செலவாயிற்று. "நான் பட்ட பாடு நீ படாதே" என்று சொன்ன தகப்பனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு தொழிலின் மிகச் சிறந்த பயன் அத்தொழிலைவிட்டுத் தப்புவதே என்று அதைச் செய்பவரே கருதுவாராயின், அத்தொழிலை நடத்தும் சமூகம் தன் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

எவ்வாறு திருத்துவது? இரக்கத்தினால் இது திருந்தாது, அமைப்பினால் திருந்தும். 1930களிலே திருவிதாங்கூர் வணிகரை நம்பித் தனித்தனியே நலிந்த புகையிலைச் செய்கையாளர் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கமாக ஒன்றுகூடினர். யாழ்ப்பாணத்திலே தம் பெயரால் மண்டபம் விளங்கும் கூட்டுறவாளர் வீ. வீரசிங்கம் போன்றோர் அவ்வியக்கத்தின் தூண்களாயிருந்தனர். புகையிலைக்கு இயன்றது, மனிதருக்கு உணவாகும் வெங்காயத்துக்கு ஏன் இயலாது? தறையிலே நிறுத்து, பெட்டியிலே அடுக்கி, மருதானையிலே நேரே விற்கும் கூட்டுறவுக்கு வாங்குவோரும் பங்காளராகலாம். கழிவென்னும் பெயரிலே எடுக்கப்படும் பங்கு சட்டத்தாலும் கண்காணிப்பாலும் ஒழிக்கப்படல் வேண்டும். அறுவடைக் காலத்திலே இறக்குமதிக் கப்பலைக் காட்டி விலையை வீழ்த்தும் சூதாட்டத்துக்கு மாறாக, விதைக்குமுன்னரே இறக்குமதி அளவை அரசாங்கம் அறிவித்தல் வேண்டும். குத்தகைக்குச் செய்பவனுக்கு உறுதியான காலவரையும், நாட்கூலிக்கு வருபவளுக்கு ஆணுக்குச் சமமான கூலியும் வேண்டும்.

இவற்றையெல்லாம் செலவிலே எழுதிய பின்னரும் கையிலே எஞ்சுவதையே இலாபம் என்று நாம் அழைக்கலாம். அது இன்று நாம் சொல்லும் தொகையிலும் சிறிதாகவே இருக்கும். ஆயினும் அதை வைத்துக்கொண்டு ஒருவன் வெட்கமின்றி உறங்கலாம்; அவன் மகளும் விரும்பினால் அத்தறையிலேயே தொழில் செய்யலாம். மருதானைத் தெருவோரத்திலே கால் கிலோ வெங்காயத்துக்காகப் பணத்தை எண்ணிப் பார்க்கும் பெண்ணும், உரும்பிராயிலே இருட்டோடு எழுந்து நீர் மாறும் கமக்காரனும், அவன் தறையிலே கூலிக்குக் களை பிடுங்குபவளும் ஒருவர் கணக்கை மற்றவர் கண்டதில்லை. அக்கணக்குகளை ஒரே மேசையிலே விரித்து வைக்கும் பணி நம்முடையது.